லியோனைத் தேட ஒரு கடற்படை

1.

எங்களுக்கு ஒரு கெட்டிக்காரக் கடற்படை வேணும்.

குருநகரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறா. வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் நீக்கிலாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். சஞ்சிகை நடத்தும் இராசநாயகம் மாஸ்டரும் சொல்லியிருக்கிறார். அதனால்தான் முதல் வரியிலேயே போட்டுவிட்டேன்.

கதையின் பிறப்பையும் ஒளிக்கமாட்டேன். போன கிழமை மாஸ்டர் வட்டுக்கோட்டையிலிருந்து வந்து கேட்டார்: “யசிந்தா, உங்கடை ஆக்களிலை முதல் பட்டதாரி நீர்தானே. கடல் கதை ஒண்டு தாரும். மீன் மணக்கவேணும். நேவி மட்டும் வேண்டாம்.”

1986இல், நேவி இல்லாத கடல் கதை. உப்பில்லாமல் கருவாடு போடச் சொல்கிறார்.

2.

தொடக்கம் ஒன்று: “நீலக்கடல் தாலாட்ட, லியோன் தன் வள்ளத்தை…”

(வெட்டு. லியோன் என் அண்ணை. கடல் அவனைத் தாலாட்டியதில்லை. போன மாரியில் முன்பல்லை உடைத்தது.)

தொடக்கம் இரண்டு: “ஒரு தீவின் பொருளாதாரம் அதன் கடல்வழிகளின் பாதுகாப்பில்…”

(இது என் புவியியல் விடைத்தாள். ஆனாலும் பொய்யில்லை. எங்கள் பாணுக்கு மா கப்பலில் வருகிறது, விளக்குக்கு மண்ணெண்ணெய் கப்பலில் வருகிறது. அந்த வழியைக் காக்கத் தெரியாத தீவு, அடுத்தவன் இரங்கும்வரை பசியோடு இருக்கும். வெளியிலிருந்து வரும் இழுவைப் படகுகள் எங்கள் இறாலைக் குஞ்சோடு அள்ளிக்கொண்டு போவதையும் கரையில் நின்று பார்க்கவேண்டியதுதான்.)

தொடக்கம் மூன்று: முந்தாநாள் கடலுக்குப் போன லியோன் இன்னும் வரவில்லை.

இது நிற்கட்டும். இதுதான் நடந்தது.

3.

ஒரு வள்ளம் வராவிட்டால் எங்கள் கரையில் வேறெந்த வள்ளமும் வலை ஏற்றாது. எல்லாரும் ஒன்றாக இறங்கி, பக்கத்து வள்ளக்காரனின் முகம் தெரியும் இடைவெளியில், குறுக்கே ஒரே வரிசையாக விரிந்து தேடுவார்கள். அப்பாவை ஒருமுறை அப்படித்தான் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

இப்போது கடலுக்குப் போக அரசாங்கத் தடை. நேற்று தடையையும் பாராமல் வரிசையாகத்தான் இறங்கினார்கள். தூரத்தில் நின்ற நேவி ரோந்துப் படகுக்கு அது இயக்கப் படகுகள் தாக்க வரும் வரிசையாகத் தெரிந்தது. வெடிகள் முன்னால் தண்ணீரில் விழுந்தன. எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே தேடுதல் இனிச் சரிவராது.

4.

சம்மாட்டியாரைக் கோழையாக எழுத நினைத்தேன். அவர் விடவில்லை. நேற்றுப் போன முதல் வள்ளம் அவருடையது. இன்று காலை கரையில் அவருடைய மீன்வாடிக் கொட்டிலில் நடந்ததை அப்படியே தருகிறேன். நான்தான் தொடங்கினேன்.

“கச்சேரிக்குப் போவம், அரசாங்க அதிபரிட்டை. லியோன்ரை எஞ்சின் நிண்டிருக்கும். நேவியைத் தேடச்சொல்லிக் கேப்பம்.”

“உனக்கென்ன விசரே? தடைக்குள்ளை ஏன் போனவன் எண்டு கேப்பாங்கள். பிறகு மற்றப் பெடியளின்ரை பேரைக் கேப்பாங்கள்.”

“அவங்களிட்டை ராடர் இருக்கு, பெரிய எஞ்சின் இருக்கு. எங்களிட்டை என்ன இருக்கு?”

“மாதா இருக்கிறா.”

“மாதா வாறதுக்கும் டீசல் வேணும்.”

அம்மா என் முதுகில் ஒன்று போட்டா. சம்மாட்டியார் வந்த சிரிப்பை விழுங்கினார். “கம்பஸிலை படிச்ச வாய். பிள்ளை, நேற்று வெடி வைச்சவனிட்டையே போய்க் கேக்கிறதோ?”

“ஓம், அவனிட்டைத்தான். பயந்தவன் கண்டதுக்கெல்லாம் வெடி வைப்பான். தொழில் தெரிஞ்சவன் தேடுற வரிசை எது, அடிக்க வாற வரிசை எது எண்டு பிரிச்சறிவான். அந்தத் தொழிலுக்குத்தான் நாடு கடற்படை வைச்சிருக்கவேணும்.”

(இங்கே அவர் தலைகுனிந்தார் என்று எழுதி, வெட்டிவிட்டேன். அவர் குனியவில்லை. என்னை நேரே பார்த்தார்.)

“உன்ரை நாடு எது, பிள்ளை?”

“லியோன் மிதக்கிற தண்ணியைத் தன்ரை எண்டு சொல்லுற நாடு. தண்ணி தன்ரை எண்டால் அவனையும் தேடட்டும்.”

5.

முடிவு அ: ரோந்துப் படகு லியோனின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வருகிறது. (மாஸ்டர் அச்சிடமாட்டார்.)

முடிவு ஆ: லியோனைக் கண்டுபிடித்து, விசாரணைக்குக் கொண்டுபோகிறார்கள். கேட்கப் போன என்னையும். (அம்மா இதைத்தான் நம்புகிறா. நடக்கலாம்.)

முடிவு இ: நாங்கள் கேட்கவில்லை. லியோன்

(இதை எழுதமாட்டேன்.)

மாஸ்டர், அச்சடிக்கிறதென்றால் இவ்வளவுதான். அ-வையும் ஆ-வையும் வாசிப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். இ-யை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.

சைக்கிளில் காற்றில்லை. நடந்தே போகலாம். அம்மா வாசலில் குறுக்கே நிற்கிறா.

“எங்கை?”

“கச்சேரிக்கு.”

“சம்மாட்டியார் விடார்.”

“நான் அவரைக் கேக்கேல்லை.”

அம்மா கடலைப் பார்த்தா. பிறகு ஒரு பக்கமாக விலகினா.

“வள்ளம் பச்சை எண்டு சொல்லிப்போடாதை. போன மாசம் நீலம் அடிச்சவன்.”

நீலம். சரி, வெளிக்கிடுறன்.