கைகளை வெட்டிய படம்

தங்கச்சி மறுபடியும் அம்மாவின் கட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள். "இவளுக்கு என்னடா பிடிச்சிருக்கு?" என்று கத்திக்கொண்டே அம்மா அதைச் சுவரோரம் தள்ளினாள். தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இருந்தும் அம்மா கத்துவதை விட்டபாடில்லை.

அண்ணன் கல்யாண வீடியோக்காரன். பட்டப்பெயர் 'குளோசப்'. மாப்பிள்ளையின் மூக்கு முடியைக்கூடக் காட்டிவிடுவான். பிறந்ததிலிருந்து கூடவே வளர்ந்த தங்கச்சியின் சைகை மொழியில் அவனுக்குத் தெரிந்தது 'சாப்பிடு', 'வா', 'போ' மட்டும்தான். நாய்க்குட்டியிடம்கூட நாம் இதைவிடக் கூடுதலாகப் பேசுவோம்.

அவளுக்கு எழுத்தும் சரியாக ஏறவில்லை. அவனைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். "வேலையா இருக்கேன், விடுடி!" என்று கையை உதறினான். கடைசியில் அவன் கேமரா முன்னாலேயே போய் நின்று, கைகளால் ஒரு கதை சொன்னாள். விரல்கள் நெளிந்தன, ஊர்ந்தன, சீறின. கண்ணில் கிலி.

"அடேயப்பா, என்ன எக்ஸ்பிரஷன்!" குளோசப்புக்குத் தலைகால் புரியவில்லை. பழக்கதோஷம், முகத்தை மட்டும் பெரிதாக்கினான். கைகள் இரண்டும் படத்தைவிட்டு வெளியே போயின. போதாக்குறைக்குப் பேய்ப்பட இசை வேறு. இணையத்தில் லைக் குவிந்தது. படத்தைப் பார்த்த தங்கச்சி இரு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டி நீட்டி அழுதாள். "சந்தோஷத்துல அழுவுறா" என்றான்.

அவளைப் போலவே காது கேட்காத தோழி ஒருத்தி படத்தின் கீழே எழுதினாள்: 'கை எங்கே? முழுப் படத்தையும் அனுப்புங்கள்.' அலுத்துக்கொண்டே அனுப்பினான்.

மறுநாள் மத்தியானம், அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, தங்கச்சியின் கதையை எழுத்தாக்கித் தோழி அனுப்பியிருந்தாள்.

'எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஒரு பாம்பு இருக்கிறது. அதன் மூச்சு சுடுகிறது. தினமும் கொஞ்சம் ஊர்கிறது. அம்மாவின் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. கட்டிலை நகர்த்தினேன், திரும்பத் தள்ளிவிட்டார்கள். அண்ணா, இது கதையில்லை. சுவரைத் தொட்டுப் பார்.'

தொட்டான். சுட்டது. விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

"அம்மா, எந்திரி!"

மெயினை அணைத்துவிட்டுத் தலைமாட்டு பிளக் பாயின்ட்டைக் கழற்றினான். உள்ளே ஒயர் உருகிக் கருகியிருந்தது. தலையணையின் ஓரமும் பழுப்பேறியிருந்தது.

அம்மா தலையணையின் பழுப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "இவளுக்குக் காது கேக்கலைன்னு ஊரெல்லாம் புலம்பினேன். இவ பேசினது எதையும் நாம கேக்கலையேடா! பெத்த நானே இவ பாஷையைக் கத்துக்கலையே. கத்துக்க வேண்டியவங்க நாமதான்" என்றாள்.

குளோசப் தங்கச்சியின் எதிரே உட்கார்ந்து, தன் கைகளை நீட்டினான். அவள் அவற்றைப் பிடித்து, 'சுவர்' என்பதை விரல் விரலாகச் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு அவள் விரல்கள் மறுபடி நெளிந்தன. அடுப்படிச் சுவரைக் காட்டின.

இந்த முறை யாரும் அவனுக்கு எழுதி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.