வடிகட்டிய சாம்பார்

கல்லூரியை விட்டு நின்று எட்டு மாதம் ஆகிறது. ஏனாத்தூர் அறையை மட்டும் விடவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் படிப்பை விட்டது தெரியாது. தறிச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று சொல்லி எடுத்த அறை. இப்போது பகலில் தூங்க உதவுகிறது. இரவில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை.

அறையில் கூட இருப்பவன் அபிஷேக், மூன்றாம் ஆண்டு மாணவன். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். வெங்காயம், பூண்டு, கிழங்கு என்று மண்ணுக்கு அடியில் விளையும் எதையும் தொடமாட்டான். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டான். எனக்கு ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். ஆகவே இருவருக்கும் ஐந்தரைக்குள் சோறு ஆகவேண்டும். சாமான் அவன் வாங்குவான், சமையல் நான்.

எனக்கு உருப்படியாக வருவது அது ஒன்றுதான். உடைந்த வாழைத்தண்டு, முற்றிய அவரை, பூசணியில் கடைசிக் கீற்று என்று மார்க்கெட்டில் மலிவாகக் கிடைப்பதைத்தான் வாங்கச் சொல்வேன். அவரைத் தோலை எறிந்துவிட்டுக் கொட்டையைக் குழம்பில் போடுவேன். பூசணியின் குடலைத் துவையல் அரைப்பேன். வெங்காயம் இல்லாத குறையை வறுத்து அரைத்த தனியாவும் தேங்காயும் மறைத்துவிடும்.

"உருளைக்கிழங்கே துண்ணாம இவ்ளோ உயரம் எப்டிடா வளர்ந்த?" என்பேன்.

"நீ துண்ணு இன்னா வளர்ந்துட்ட?" என்பான்.

போன சதுர்த்தசிக்கு அவன் உபவாசம் இருந்தான். நாள் முழுக்கத் தண்ணீர் மட்டும். மறுநாள் காலை உபவாசத்தை முடிக்கும் சாப்பாட்டைப் பாரணை என்பான். வழக்கமாக நான் வேலை முடிந்து வந்ததும் அதைச் சமைப்பேன்.

அன்று காலை வேலை முடிந்தபோது எனக்குத் தூக்கம் சொக்கியது. கம்பெனி கேன்டீனில் காலை டிபனுக்குச் சின்ன வெங்காயச் சாம்பார். ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டேன். அறைக்கு வந்தபோது அவன் குளித்துக்கொண்டிருந்தான். குடிநீர் வடிகட்ட ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பான். உயிர் எதுவும் வாய்க்குள் போய்விடக் கூடாது என்று. கைக்கு அகப்பட்டது அதுதான். சாம்பாரை அதில் ஊற்றிப் பிழிந்தேன். வெங்காயத்தைக் குப்பைக் கவரில் கட்டி வெளியே போட்டேன். பெருங்காயமும் கொத்தமல்லியும் போட்டுச் சாம்பாரைக் கொதிக்கவிட்டு, குக்கரில் சோறு வைத்தேன். இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

கைகூப்பி ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சாப்பிட்டான். மூன்று முறை போட்டுக்கொண்டான்.

"இன்னாபா இன்னிக்கி தனி வாசனையா இருக்குது?"

"பெருங்காயம் தூக்கல்."

"எங்கம்மாவுக்குச் சொல்லிக் குடு. அவங்களுக்கு இது வராது."

சரி என்றேன். அவன் எழுந்து குடத்தில் துணியைக் கட்டப்போனான். நான் அலசித்தான் வைத்திருந்தேன். ஓரம் மஞ்சளாக இருந்தது. தையலில் வெங்காயத்தின் மெல்லிய தோல் ஒன்று ஒட்டியிருந்தது. அவன் அதை மோந்து பார்த்தான்.

"கமல், இது இன்னாது?"

பொய் ஒன்றும் தோன்றவில்லை. "கேன்டீன் சாம்பார். தூக்கம் வந்துச்சி."

அவன் குளியலறைக்குப் போனான். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வாய் கொப்பளித்தான். உமட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து துணியைக் குப்பையில் போட்டான்.

"தூக்கம் வந்துச்சின்னா சொல்லி இருக்கலாமே. ரெண்டு வாழப்பழத்த துண்ணுட்டு காலேஜ் போயிருப்பேன்."

"எனக்குத்தான்டா பாவம். உனக்குத் தெரியாதில்ல."

"பாவம் யாருதோ. உள்ள போனது எனக்கு."

மறுநாளும் உபவாசம் இருந்தான். அவன் கணக்கில் அது பரிகாரம். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன், தூங்கவில்லை.

அதற்கடுத்த நாள் மாலை நான் அரிவாள்மணையை எடுத்தேன். பூசணி, பச்சைப்பயறு, தேங்காய் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவன் கண்ணெதிரிலேயே சமைப்பதாக எண்ணம்.

"நீ உனக்குச் செஞ்சிக்க. நான் எனக்குப் பாத்துக்கறேன்" என்றான்.

புதிதாக ஒரு சின்னக் குக்கர் வாங்கி வந்திருந்தான். அதில் அரிசியையும் பயறையும் ஒன்றாகப் போட்டான். தண்ணீர் அதிகம். பயறு வேகவில்லை, அரிசி குழைந்துவிட்டது. உப்பு போட மறந்திருந்தான். அவன் கை உப்பு டப்பாவுக்குப் போகாமல் மூடி போட்டபோதே எனக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். என் பேச்சை நம்பி அவன் ஏன் ஒன்றைப் போடவேண்டும்?

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முழுவதையும் தின்றான். நானும் என் பூசணிக் குழம்பைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.