முதுகில் ஒரு முழங்கால்

மலையை அறையிலிருந்து வெளியே கொண்டுவர ஐந்து காவலர்கள் போதும் என்று விதி சொன்னது. ஐம்பது பேர் வேண்டும் என்று மலை சொன்னார். பயிற்சிக் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

பலப்பிரயோகத்துக்குப் புது விதிகள் வந்த பிறகு சிறையில் நடக்கும் முதல் ஒத்திகை அது. காவலராக இருபது வருடச் சேவையும் ஆறடி உடம்பும் சேர்ந்து அவருக்கு வாங்கிக் கொடுத்த பட்டம்தான் மலை. கைதி வேஷத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு குதித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஓர் அறிக்கை இருந்தது. போன மாதம் சிறை அறையை விட்டு வர மறுத்த ஒரு கைதியை அவர் தரையில் அமுக்கியபோது அவன் கை முறிந்துவிட்டது. விசாரணை போட்டுவிட்டார்கள். விதிப்படிதான் நடந்தேன் என்ற அந்த அறிக்கை மாலைக்குள் போக வேண்டும், கையெழுத்துதான் பாக்கி. அது எடுபட்டால் இவர் வேலை தப்பும், அவனுக்குத் தண்டனை ஒரு வருடம் கூடும்.

"முதல்ல பேச்சு, அப்புறம் மூணு தடவ எச்சரிக்கை, அதுக்கப்புறம்தான் கை," என்றார் பயிற்சி கொடுக்க வந்த அம்மா. "அவரு பணிஞ்சிட்டா உடனே விட்டுடணும். மேல அமுக்குற ஒவ்வொரு நொடியும் குத்தம்."

"பணிஞ்சது எப்படித் தெரியும் மேடம்?" என்று கேட்டான் அந்த ஐவரில் ஒருவன், மலையின் மனைவிக்குத் தம்பி.

"'விட்டுடுங்க'ன்னு வாயத் தொறந்து சொல்லுவாரு."

"எங்க மாமாவா? செத்தாலும் சொல்ல மாட்டாரு!"

விசில் ஒலித்தது. மலை வாளித் தண்ணீரை வீசினார், தலையணையை எறிந்தார், முதலில் வந்த இருவரைக் கேடயத்தோடு சேர்த்துத் தள்ளினார். கூடம் அதிர்ந்தது. இப்படி ஆடி எத்தனை வருடமாயிற்று! அடுத்த கணம் கால் வழுக்கியது, முகம் தரையில் பதிந்தது, முதுகில் மச்சானின் முழங்கால் ஏறியது.

போதும் என்று நினைத்தார். வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. மறுபடி முயன்றார், எச்சில்தான் வழிந்தது. "இன்னும் முண்டுறாரு, விடாதீங்க!" என்றான் மச்சான் உற்சாகமாக. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விடுபட்டிருந்தது ஒரு கை மட்டும்தான். அந்தக் கையால் தரையைப் படபடவென்று அறைந்தார்.

"பாருங்கடா, இன்னும் அடிக்கிறாரு!" சிரிப்பும் கைதட்டலும் பறந்தன.

அந்த அம்மா ஓடிவந்து விசில் ஊதியதும் விட்டார்கள்.

"என்ன மாமா, கடைசிவரை வாயே தொறக்கல? அவ்வளவு ரோசமா?"

மூச்சு திரும்பியதும் மலை பாய்ந்து சட்டையை எடுத்து, பையிலிருந்த அறிக்கையைப் பிரித்தார். 'கைதி கடைசிவரை பணிவதாகச் சொல்லவில்லை. உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்து தொடர்ந்து எதிர்த்தார்.' அவர் கையாலேயே எழுதியது. எழுதும்போது ஒரு சொல்கூடப் பொய்யென்று தோன்றவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார்.

"மாமா, எங்க ஓடுறீங்க? கையெழுத்தப் போட்டுக் குடுத்துடுங்க. எதையாவது மாத்தி எழுதி வேல போச்சுன்னா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" மச்சானும் பின்னாலேயே ஓடிவந்தான்.

சிறை மருத்துவமனையில், கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவன் அவரைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பயப்படாத. அன்னைக்குத் தரையில அடிச்சியே, எதுக்கு?"

அவன் வாசலில் நின்ற மச்சானைப் பார்த்தான்.

"சொல்லுப்பா. இப்பதான் என்னையும் அதே மாதிரி அமுக்கினாங்க."

தரையில் சிராய்த்து அவருடைய முழங்கையில் வழிந்த ரத்தத்தை அவன் பார்த்தான்.

"வாயில சத்தம் வரலைங்கய்யா. கைச் சத்தமாவது கேக்கும்னு பாத்தேன்."

மலை கட்டில் ஓரத்தில் அறிக்கையை விரித்தார். அந்த இரண்டு வரிகளையும் பேனாவால் அடித்த வேகத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. அதற்கு மேலே, நடந்ததை எழுதத் தொடங்கினார். "மாமா, வேண்டாம்," என்றான் மச்சான் வாசலிலிருந்து. மெத்தையில் தாள் நழுவிக்கொண்டே இருந்தது. கைதி தயங்கித் தயங்கி நகர்ந்து வந்து, நல்ல கையின் உள்ளங்கையை விரித்துத் தாளின் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.