கூழாங்கல் பாதையில் வலிக்காத கால்

வார்த்தோயோவுக்கு வயது இருபத்து நான்கு. ஊர் இந்தோனேசியாவின் ஜாவா. இப்போது இருப்பது தைவானின் சியாயி நகரில், லியாவ் தாத்தாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில். வந்து பதினோரு மாதம் ஆகிறது. தாத்தாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

தாத்தாவுக்கு எழுபத்தெட்டு. மலை ரயிலின் தண்டவாளத்தை நடந்தே சோதிக்கிற உத்தியோகம் முப்பது வருஷம் பார்த்தவர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். ஆனால் அவர் காலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. விடிந்ததும் பூங்காவிலுள்ள கூழாங்கல் பாதைக்குப் போய்விடுவார். முட்டை முட்டையான கற்களைச் சிமென்டில் நட்டுக்குத்தலாகப் பதித்த பாதை. பக்கத்துப் பலகையில் பெரிய பாதம் ஒன்றை வரைந்து, இந்த இடம் ஈரல், இது சிறுநீரகம், இது வயிறு என்று எழுதியிருக்கும். வெறுங்காலோடு நடக்க வேண்டும். எங்கே வலிக்கிறதோ அந்த உறுப்பு கெட்டிருக்கிறதாம். எல்லாரும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து முனகிக்கொண்டே நடப்பார்கள். தாத்தா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கிறவர் மாதிரி மூன்று சுற்று போவார்.

அதனால் அந்த வீட்டில் மற்ற எவர் காலுக்கும் மரியாதை கிடையாது. பேரன் பின்யூவுக்கு ஆறு வயது, தட்டைப் பாதம். அவனை ஒருநாள் கல்லில் ஏற்றிவிட்டு, அவன் அழுததும் ஈரலே இல்லாத பயல் என்றார். மருமகள் சின்ருங் வங்கியில் குதிகால் செருப்போடு நாளெல்லாம் நிற்கிறவள். அவளுடைய பெருவிரல் வளைந்து, பக்கத்தில் எலும்பு புடைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, கோழிக்கால்கூட இதைவிட நேராக இருக்கும் என்று சாப்பாட்டு மேஜையிலேயே சொன்னார். வார்த்தோயோவுக்கு எந்நேரமும் ஈரத்தில் நின்று விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அவனையும் ஒருநாள் விடியற்காலையில் கல்லில் நடக்கவிட்டார். நாலாவது அடியில் அவன் மடங்கி உட்கார்ந்ததும் பூங்காக் கிழவர்கள் கூடிவிட்டார்கள்.

"இருபத்து நாலு வயசுல சிறுநீரகம் போயிருச்சு. நான் இவனப் பாத்துக்கணுமா, இவன் என்னப் பாத்துக்கணுமா?" என்றார் தாத்தா. எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பேசினில் வெந்நீர் வைத்து அவருடைய காலைக் கழுவும்போது தண்ணீர் சிவந்தது. வலது காலில், இரண்டாவது விரலுக்குக் கீழே தோல் காய்த்துத் தடித்திருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அதற்குள் உடைந்த நத்தை ஓட்டின் துண்டு ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது. வாடையும் வந்தது. எத்தனை நாளாக அதன் மேலேயே நடந்தாரோ.

அவன் அதைச் சொன்னதும் தாத்தா பேசினை எட்டி உதைத்தார். வாயைத் திறந்தால் அவனை வேலைக்குக் கொண்டுவந்த புரோக்கரிடம் சொல்லி அவனை ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். வலித்தால்தானே புண், வலிக்காதது எப்படிப் புண்ணாகும் என்று கேட்டார். தரையைத் துடைக்கும்போது அவன் யோசித்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தக் கால் போகும்.

சாயங்காலம் சின்ருங் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நகம் வெட்டுறேன்னு நீதான கிழிச்ச?"

"இல்ல முதலாளியம்மா. நத்தை ஓடு குத்தியிருக்கு. தாத்தாவுக்குத் தெரியவே இல்ல."

"தெரியாம எப்படி இருக்கும்? தெனம் அந்தக் கல்லுல நடக்கிறவரு. எங்க எல்லாரையும் விட அவரு கால்தான் நல்லா இருக்கு."

"அதத்தான் சொல்றேன். அவருக்கு மட்டும் ஏன் வலிக்கல?"

அவள் புருவம் சுருங்கியது. உள்ளேயிருந்து தாத்தா, திருட்டுப்பயல் தான் செய்ததை மறைக்கப் பார்க்கிறான் என்று கத்தினார். வார்த்தோயோவுக்கு ஊரில் பயிற்சியின்போது ஒரு நர்ஸ் செய்துகாட்டியது நினைவுக்கு வந்தது. தாத்தா கண்ணை மூடிக்கொள்ளட்டும், வேறு யாராவது அவர் விரல்களை லேசாகத் தொடட்டும், எந்த விரல் என்று அவர் சொல்லட்டும் என்றான். சரியாகச் சொல்லிவிட்டால் தானே பெட்டியைக் கட்டுவதாகவும் சொன்னான்.

தாத்தாவுக்குக் குஷியாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, காலை முக்காலியின் மேல் நீட்டி, கண்ணை மூடினார். பின்யூ தரையில் உட்கார்ந்தான். வலது பெருவிரலைத் தொட்டான். காத்திருந்தான். நடுவிரல், சுண்டுவிரல். பிறகு இடது காலில் மூன்று. தாத்தாவின் முகத்தில் ஜெயித்துவிட்டவரின் சிரிப்பு அப்படியே இருந்தது.

"ம், ஆரம்பிங்கடா. எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டே உக்கார்றது?"

பையன் விரலை எடுக்காமலே அம்மாவைப் பார்த்தான்.

"தாத்தா, ஆறு வெரலும் தொட்டு முடிச்சாச்சு."

கண்ணைத் திறந்தவர் தன் சுண்டுவிரலின் மேல் இருந்த பேரனின் கையைப் பார்த்தார். பிறகு காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பையனை வார்த்தோயோ பழக்கிவைத்திருக்கிறான் என்றார். ஆனால் குரல் ஏறவில்லை. சின்ருங் கார் சாவியை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை அந்த ஓட்டைக்குள் விட்டார். அது எலும்பில் போய்த் தட்டியது. அதற்கும் தாத்தா முகம் சுளிக்கவில்லை. சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது, அந்த ஒரு விரலை எடுத்தாக வேண்டும், இன்னும் பத்து நாள் போயிருந்தால் பாதத்தையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். மறுநாள் காலை விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் தாத்தா கேட்ட முதல் விஷயம், இவனுக்குப் பதில் வேறு ஆள் எப்போது வருவான் என்பதுதான்.

சின்ருங் வராந்தாவுக்கு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"நீ வேண்டாங்கிறாரு. ஆள மாத்த முடியாதுன்னு புரோக்கர்கிட்ட சொல்லிட்டேன். நன்றி கின்றின்னு ஆரம்பிக்காத. புது ஆளுக்கு மொதல்லேருந்து சொல்லிக்குடுக்க எனக்கு நேரமில்ல, அவ்வளவுதான்."

அவள் போனபிறகு அவன் போனை எடுத்தான். ஊரில் அவன் அப்பாவுக்கும் போன வருஷம் சர்க்கரை வந்திருந்தது. வயலுக்குச் செருப்பில்லாமல்தான் போகிறார். வீட்டுக் குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்தி, பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு பேசினான். பேசப் பேசப் பேச்சு எழுத்தாக விழுந்தது.

"நான் நல்லா இருக்கேன். வேலையும் இருக்கு. இத யாரு மொதல்ல படிச்சாலும் சரி, அப்பாவ உக்கார வச்சு ரெண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்க. வலிக்கலன்னு சொன்னா விட்டுராதீங்க. பாத்துட்டு எனக்குப் போட்டோ அனுப்புங்க."