பதினேழாவது மரம்

ஈரத்துணியை மரப்பட்டையில் வைத்து அழுத்தித் தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்பு முதலில் பால்போலக் கரைந்து வழிகிறது, பிறகு பட்டையின் வெடிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, அதை நகத்தால் சுரண்டி எடுக்கிறாள் விசாலாட்சி, காலை ஆறரை மணிதான், நடைப்பயிற்சிக்காரர்கள் வர இன்னும் பத்து நிமிடமாவது ஆகும், தலைக்கு மேலே பொந்தின் வாயில் இரண்டு மஞ்சள் கண்கள் அவளையே பார்க்கின்றன, சும்மா இரு, உனக்காகத்தான், என்று முணுமுணுக்கிறாள், அது மாசி மாதம், இப்போது அவள் உட்கார்ந்திருப்பது குடியிருப்போர் சங்கத்தின் தகரக் கொட்டகையில், ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை வெயிலில், பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு. முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பவர் சங்கத் தலைவர் ஜெகநாதன், செத்தவரைப் பத்திக் கொறை சொல்லக் கூடாதுங்க, ஆனாலும் ஒண்ணு சொல்லியாகோணும், ஞாபக மறதி வந்த ஆளுகிட்டப் பொறுப்பக் குடுத்து வெச்சிருந்தது நம்ம தப்பு, என்கிறார், நாற்பது ஐம்பது தலைகள் ஆமாம் என்பதுபோல அசைகின்றன, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் துளசிமணியின் தலை மட்டும் அசையவில்லை, குனிந்தே இருக்கிறது, அவள் கணவர் ராக்கியப்பன் இறந்து இன்றோடு நாற்பது நாள்.

கோயம்புத்தூருக்கு வடக்கே அந்த லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட ஒன்றே முக்கால் ஏக்கர் அது, மூன்று பக்கமும் நான்கு மாடிக் குடியிருப்புகள், நாலாவது பக்கம் தனி வீடுகள், நடுவில் சீமைக்கருவேலமும் உடைந்த செங்கல்லும் கழிவறைப் பீங்கானுமாகக் கிடந்த இடத்தை ஏழு குடும்பங்கள் சேர்ந்து சுத்தம் செய்தபோது விசாலாட்சிக்கு முப்பத்தொன்பது வயது, பஞ்சாலையில் நூலின் தரம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை, விடுமுறை நாளெல்லாம் கடப்பாரையும் கையுமாக நின்றாள், நாற்றுப் பண்ணையில் இலவசமாகத் தந்த முந்நூறு கன்றுகளையும் ஒன்றைக்கூட விடாமல் நெருக்கி நெருக்கி நட்டார்கள், காடு என்றால் இந்தப் பக்கத்தில் சோளம் விதைக்கிற நிலம் என்று அர்த்தமாகிவிடும், அதனால் தோப்பு என்றே பெயர் வைத்தார்கள், இருபத்திரண்டு வருடத்தில் ஏழு குடும்பங்களில் சிலர் வீட்டை விற்றுப் போனார்கள், சிலர் மூட்டுவலியோடு உட்கார்ந்துவிட்டார்கள், கடைசியில் மிஞ்சியது அவளும் ராக்கியப்பனும்தான். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பியில் உரசும் கிளைகளை முப்பது வருடம் வெட்டியவர், எந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்குக் காற்றைக் கேட்காமலே தெரியும், நெருக்கி நட்டது தப்பும்மிணி, ஒண்ணோட ஒண்ணு முட்டிட்டு வெளிச்சத்துக்கு ஓடுது பாருங்க, எல்லாம் ஒல்லிக் குச்சியாட்ட நிக்குது, பாதிய எடுத்தாத்தான் மீதி மரமாகும், என்று வருடாவருடம் சொல்வார், அவளும் வருடாவருடம், இருக்கட்டுங்கண்ணா, வெச்சது நாம, வெட்டறதும் நாமளா, என்பாள், குழாயை இழுத்துக்கொண்டு அப்பால் போய்விடுவாள், மாடியிலிருந்து எறியப்பட்ட பொட்டலங்களைப் பொறுக்குவாள், சருகு தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது என்று சண்டைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்வாள், பாம்பு இருக்கிறது என்பவர்களுக்கு அது சாரை என்பாள், அந்த வேலையெல்லாம் அவளுக்கு வந்தது, வெட்டும் வேலை மட்டும் வரவில்லை.

இந்த வருடம் மாசிக் கடைசியில் மரம் வெட்டும் ஆட்கள் வருவதாக இருந்தது, ராக்கியப்பன் சுண்ணாம்பு டப்பாவும் மட்டைத் தூரிகையுமாகத் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி ஆபத்தான மரங்களுக்கெல்லாம் நெஞ்சு உயரத்தில் ஒரு கோடு இழுத்தார், பதினேழு மரம், பதினேழாவதாகத் தெற்குப் பாதையோரம் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம், அதற்கும் கோடு போட்டபோது அவள் ஓடிப்போய்த் தடுத்தாள், அண்ணா, இதுல புள்ளி ஆந்தை குஞ்சு பொரிச்சிருக்குதுங்க, இத மட்டும் விட்டுருங்க, என்றாள், அவர் விரல் முட்டியால் மரத்தைத் தட்டிக் காட்டினார், டொக்கு டொக்கு என்று காலிப் பெட்டியின் சத்தம், ஆந்தை குடியிருக்குதுன்னாலே உள்ளார ஒண்ணுமில்லேன்னுதானே அர்த்தம், அந்தத் தெக்கால கெளை நாலு ஆள் கனம் இருக்கும், பாதை மேல நீட்டிட்டு நிக்குது, விடமுடியாதும்மிணி, என்றார், குரலில் கோபம் இல்லை, அவருக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை போட்டு ஓய்ந்திருப்பாள். மறுநாள் காலை ஈரத்துணியோடு போனாள். குஞ்சுகள் பறக்கும்வரைதான், அப்புறம் தானே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், அது அப்போது பொய்யாகவே தோன்றவில்லை, ஒரு சின்னத் தள்ளிவைப்பு, அவ்வளவுதான். ஆட்கள் வந்து கோடு போட்டதை எல்லாம் வெட்டிக் கயிற்றைச் சுருட்டி வண்டியில் ஏற்றிப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார்கள், துளசிமணியின் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ராக்கியப்பன் சாயங்காலம் திரும்பி வந்து அடிமரங்களை எண்ணினார், பதினாறு, மறுபடியும் எண்ணினார், தூங்குமூஞ்சி மரத்தின் முன்னால் வந்து நின்று பட்டையைத் தடவிப் பார்த்தார், நான் இதுக்குப் போடலீங்களாம்மிணி, என்று கேட்டார். இல்லீங்கண்ணா, என்றாள் அவள். போட்டாப்பல இருந்துச்சே, என்றார். இல்லீங்கண்ணா, பேசிட்டிருந்தோம், அப்பறம் நீங்க போடாமயே போய்ட்டீங்க, என்று இரண்டாவது முறையும் சொன்னாள், முதலாவதைவிட அது சுலபமாக வந்தது. அவர் மரத்தின்மேல் வைத்த கையை எடுக்காமலே சிரித்தார், வயசாச்சு பாருங்க, என்றார், அந்தாளுக ஐப்பசிக்கு முன்ன திரும்ப வருவாங்க, அப்ப எடுத்தர்லாம், என்று சொல்லிவிட்டு நடந்தபோது கேட்டைப் பூட்டினாரா என்று பார்க்கத் திரும்பி வந்தார், பூட்டித்தான் இருந்தது, அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவர் தினமும் திரும்பி வந்தார், கேட்டுக்கு ஒரு முறை, குழாய்க்கு ஒரு முறை, ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு இரண்டு முறை, சட்டைப் பையில் துண்டுக் காகிதங்கள் வந்தன, சாவி மாடத்தில், வடக்கு வரிசைக்குத் தண்ணீர் விட்டாயிற்று, என்று அவருடைய பெரிய பெரிய எழுத்துகள், துளசிமணி அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள், மாத்திரை வந்தது, பேரு எல்லாம் மறந்துரும்ங்கறாங்க அம்மிணி, தொளசி பேரும் மறந்துருமோன்னுதான் வெசனமா இருக்குது, என்று ஒருநாள் பாத்தி அணைத்துக்கொண்டே சொன்னார், அவள் வாயைத் திறந்தாள், அண்ணா, என்றாள், அவர் நிமிர்ந்து பார்த்தார், இந்த நாவலுக்கு எரு வைக்கோணும்ங்கண்ணா, என்று முடித்தாள். சித்திரை பிறந்த வாரத்தில் குஞ்சுகள் பறந்துபோயின, பொந்து காலியானது, இப்போது சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், எப்படிச் சொல்வது, மாத்திரை சாப்பிடுகிற மனிதரிடம் போய் உங்கள் மூளைக்கு ஒன்றுமில்லை, நான்தான் திருடி என்று எப்படிச் சொல்வது, நாட்கள் போயின. வைகாசி முதல் வாரம் பிற்பகலில் மேற்கே வானம் கறுத்தது, மழைக்கு முன்னால் வருகிற காற்று புழுதியை வாரி இறைத்தது, வீட்டில் உட்கார்ந்திருந்த ராக்கியப்பனுக்கு மோட்டாரை நிறுத்தினோமா என்று சந்தேகம், துளசிமணி, நிறுத்திட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க, என்கிறாள், அவர், எதுக்கும் ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேன், என்று செருப்பை மாட்டுகிறார், தெற்குப் பாதை வழியாகப் போனால் மோட்டார் அறை பக்கம், அந்தக் கிளை விழுந்த சத்தத்தை விசாலாட்சி தன் சமையலறையில் நின்று கேட்டாள், இடி என்று நினைத்தாள், உலையில் அரிசியைப் போட்டாள். மோட்டார் நின்றுதான் இருந்தது.

ஆகவே இந்த ஒன்றே முக்கால் ஏக்கரையும் சுத்தமா எடுத்துட்டு வண்டி நிறுத்தற எடமாக்கறதுன்னு, என்று ஜெகநாதன் சொல்லிக்கொண்டிருக்கும்போது துளசிமணி எழுந்தாள், அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, மன்னிச்சுக்கோணும்ங்க எல்லாரும், என்றாள் கைகூப்பி, அவருக்கு ரெண்டு மூணு மாசமாவே ஞாபகம் சரியில்லீங்க, நாந்தான் அவர வீட்டோட வெச்சுக்காம விட்டுட்டேன், அவரு அந்த மரத்த மறந்ததுக்கு வேற யாராச்சும், உங்க வீட்டுக் கொழந்தைக யாராச்சும் அடியில நின்னிருந்தா, என்று சொல்லி மறுபடியும் கைகூப்பினாள், செத்தவருக்காக அவள் மன்னிப்புக் கேட்கிறாள், செய்யாத தப்புக்கு, விசாலாட்சியின் உடம்பு தானாக எழுந்தது, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அவர் மறக்கலீங்க, என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். அவரு பதினேழு மரத்துக்கும் கோடு போட்டாரு, அந்த மரத்துக்கும் போட்டாரு, நாந்தான் ஈரத்துணி போட்டு அழிச்சேன், ஆந்தைக் குஞ்சுக்காவ அழிச்சேன், போட்டேனான்னு அவரு எங்கிட்டக் கேட்டாரு, போடலேன்னேன், ரெண்டு தடவை கேட்டாரு, ரெண்டு தடவையும் போடலேன்னேன், அவருக்கு ஒரு மறதியும் இல்லீங்க, நான் சொன்ன பொய்யத்தான் அவரு வியாதின்னு நம்பிட்டாரு. பின்னால் யாரோ, போலீஸ்ல சொல்லோணும், என்றார்கள், ஜெகநாதன் கையமர்த்தினார், துளசிமணி அவளையே பார்த்தாள், கோபமா என்று தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கைச் சரிபார்க்கிறவள்போல மெதுவாகக் கேட்டாள், பதினேழுன்னு அவரு சொன்னது சரிதானா. சரிதானுங்கக்கா. நான்தான் பதினாறு பதினாறுன்னு அவர அடக்குனேன், என்றாள் துளசிமணி, பிறகு இடுப்பிலிருந்த சின்னப் பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள், அவர் சட்டைப் பையில் இருந்தது, ஆஸ்பத்திரியில் கொடுத்தது, அதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள், மோட்டார் நிறுத்தியாயிற்று, மணி மூன்று பத்து. நிறுத்திட்டுத்தான் வந்திருக்காரு, என்றாள், அவரு எழுதுனத அவரே நம்பாமப் போயிட்டாரு. காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துக்கொண்டு விசாலாட்சியைக் கடந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், வெயிலில் இறங்கி நடந்து போனாள்.

தோப்பின் பொறுப்பை அன்றே விசாலாட்சியிடமிருந்து எடுத்துவிட்டார்கள், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள், அதன் பிறகு பால் வாங்கப் போனாலும் தெருவில் பேச்சு நிற்பது அவளுக்குக் கேட்டது, ஓசூரிலிருந்து மகன், இங்கே வந்துரும்மா, என்றான், போகவில்லை, போனால் தப்பித்தது ஆகிவிடும் என்று தோன்றியது, துளசிமணி வீட்டுக்கு இரண்டு முறை போனாள், இரண்டு முறையும் கதவு திறந்தது, போங்க விசாலாட்சி, எனக்கு இன்னும் உங்க மூஞ்சியப் பாக்க முடியல, என்ற குரலோடு மூடியது. வண்டி நிறுத்தும் திட்டம் சங்கத்தில் மறுபடி வந்தபோது துளசிமணி ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம், அவரு பாதிய எடுக்கச் சொன்னாரு, முழுசா எடுக்கச் சொல்லல, என்று, அவளை எதிர்த்து யாரும் பேசவில்லை, வனவியல் படித்த ஒரு பெண் வந்து ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்து அறுபது மரத்தை எடுக்கச் சொன்னாள், ஆடியில் ஒரு வாரம் முழுக்க ரம்பம் கத்தியது, விசாலாட்சி ஜன்னலைச் சாத்தவில்லை, ஒவ்வொன்றும் சாய்கிற சத்தத்தையும் உட்கார்ந்து கேட்டாள், சாவியைத் துளசிமணி தன்னிடம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஐப்பசி மழை பத்து நாள் பெய்து ஓய்ந்தபோது, காலை ஒன்பது மணிக்கு வாசலில் துளசிமணி நின்றாள், சேலையின் கீழ்க்கரை முழுக்கச் சேறு, வாங்க, என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள், விசாலாட்சி செருப்புக்கூடப் போடாமல் பின்னால் போனாள், நாலு மாதத்துக்குப் பிறகு உள்ளே கால் வைக்கிறாள், தோப்பு அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, இருபது வருடம் தரையைத் தொடாத வெயில் இப்போது வட்டம் வட்டமாகத் தரையில் கிடந்தது, அந்த வட்டங்களுக்குள் யாரும் விதைக்காத கன்றுகள், வேம்பு, நாவல், புங்கன், விரல் உயரத்திலும் முழ உயரத்திலும், கால் வைக்க இடமில்லாமல் முளைத்துக் கிடந்தன. இத்தனையும் நின்னா மறுபடியும் பழைய கதைதான், என்றாள் துளசிமணி, எதப் புடுங்கறது எத வெக்கறதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல, அவரு போனதுக்கப்பறம் தெரிஞ்சது நீங்க ஒருத்திதான், மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க, மன்னிக்கல, ஆனா பொய் சொல்லாம எது நிக்கோணும் எது போகோணும்னு சொல்லுங்க. விசாலாட்சி மண்ணில் உட்கார்ந்தாள், அவள் முன்னால் ஒரே பிடிக்குள் நான்கு வேப்பங்கன்றுகள், நான்கும் பழுதில்லாதவை, நான்கிலும் தளிர் செம்பு நிறத்தில் மினுங்கியது, எதைப் பார்த்தாலும் அதுவே நிற்கட்டும் என்று மனசு கெஞ்சியது, நல்லா இருக்கறதப் புடுங்கோணுமா, என்று துளசிமணி கேட்டாள். ஆமாங்கக்கா, மூணு போகோணும், என்று சொல்லி முதல் கன்றின் அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள், ஈர மண் விட்டுக்கொடுத்தது, வெள்ளை வேர் நீளமாக, முழுசாக வந்தது, மண்ணை உதறிப் பக்கத்தில் வைத்தாள், இரண்டாவதைப் பிடுங்கினாள், மூன்றாவதையும், நின்ற ஒன்றின் அடியில் மண்ணை அணைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். துளசிமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர் வரிசையில் குந்தினாள், அவள் கை ஒரு நாவல் கன்றின் மேல் போய்த் தயங்கி நின்றது, இதுங்களா, என்று கேட்டாள். அது இருக்கட்டுங்கக்கா, என்றாள் விசாலாட்சி, அதுக்குப் பக்கத்துல இருக்கறத.