கியோன் வாசலில் ஆறு பேர்

முரத்தா அரிசி கழுவும்போது யாரும் அவரோடு பேசுவதில்லை. ஒஸ்லோவில் ஒரு ஜப்பானிய உணவகத்தின் சமையலறையில் பதினொரு வருடங்களாக நானும் அவரும் வேலை செய்கிறோம். அவர் தலைமைச் சமையல்காரர். நான் மீன் வெட்டுவேன், பாத்திரமும் கழுவுவேன். எங்களுக்குப் பொதுவாக இருப்பது இருவருமே பிழையாகப் பேசும் நோர்வேஜிய மொழி. அதனால்தானோ என்னவோ, பக்கத்தில் பேசாமல் நிற்பது எங்களுக்கு இலகுவாக வந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தத்தில் நானும் மனைவி உதயகுமாரியும் ஜப்பானுக்குப் புறப்பட்டோம். அவளுடைய தம்பி பிலேந்திரன் நகோயாவில் பழைய கார் வாங்கி விற்கிறான். அவனைப் பார்ப்பது ஒரு காரணம். குமாரி சனிக்கிழமைகளில் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் பிள்ளைகளுக்குப் பரதம் பழக்குகிறவள். கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷா என்கிற ஆடற்பெண்கள் ஆடுவதை ஒருமுறை கிட்ட இருந்து பார்க்கவேண்டும் என்று அவள் எத்தனையோ வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஆடுகிற தேநீர் வீடுகளுக்குள் புது ஆளை விடமாட்டார்கள் என்று முரத்தாதான் சொன்னார். ஏற்கனவே போய்வருகிற ஒருவர் அறிமுகம் செய்யவேண்டும். வந்தவர் என்ன செய்தாலும் அறிமுகம் செய்தவர்தான் பொறுப்பு. அவருடைய தகப்பன் நாற்பது வருடம் போய்வந்த வீடு ஒன்று இருந்தது. தகப்பனுக்குப் பிறகு அந்த உரிமை அவருக்கு வந்தது. அங்கே இப்போது அவருக்குப் பெற்றோரும் இல்லை, சொந்த வீடும் இல்லை. பிறந்த ஊரான கியோட்டோவில் அவருக்காகத் திறக்கிற கதவு அது ஒன்றுதான். எங்களுக்காக அந்த வீட்டுக்குத் தூரிகையால் கடிதம் எழுதி அனுப்பினார்.

"இரண்டு பேர்," என்று இரண்டு விரலைக் காட்டினார். "ஆறு மணிக்கு."

நான் தலையாட்டினேன்.

நகோயாவிலிருந்து பிலேந்திரன்தான் காரில் கூட்டிவந்தான். அவன் மனைவி சிறிதேவியும் இரண்டு பிள்ளைகளும் புது உடுப்போடு ஏறியிருந்தார்கள். எங்கள் தமிழ் ஆட்களுக்குள் ஒருவரைக் கூப்பிட்டால் அது வீட்டோடுதான். கலியாணத்துக்கு ஒரு அழைப்புக் காட் வந்தால் ஐந்து பேர் போவோம். யாரும் தலையை எண்ணுவதில்லை.

"அத்தான், எங்களுக்கும் இடம் இருக்குந்தானே?" என்று பிலேந்திரன் கேட்டான்.

முரத்தாவின் இரண்டு விரல்கள் என் கண்ணுக்குள் நின்றன.

"ஓம், ஓம். இருக்கும்," என்றேன்.

குறுகிய தெரு. மரச்சட்டம் போட்ட வீடுகள். வாசற்படியில் தண்ணீர் தெளித்து, சிவப்புக் கடதாசி விளக்கு ஏற்றியிருந்தார்கள். கதவைத் திறந்த முதிய பெண் முழந்தாளிட்டு வணங்கினாள். நிமிர்ந்து எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரிப்பு மாறவில்லை. பிலேந்திரன் அவளோடு ஜப்பானிய மொழியில் கதைத்தான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

"உங்கள் ரெண்டு பேரையும் வரட்டாம். எங்களை மன்னிக்கட்டாம். நீங்கள் போங்கோ அக்கா, நாங்கள் காருக்கை இருக்கிறம்."

"பதிநாலு வருசத்துக்குப் பிறகு பாக்கிற தம்பியை ரோட்டிலை விட்டிட்டு நான் உள்ளுக்கை போய் டான்ஸ் பாக்கிறதோ?"

"காருக்கை ஏசி இருக்கக்கா. உங்கடை நோர்வே வீட்டை விட வசதி."

"போங்கோ மச்சாள்," என்றாள் சிறிதேவி. அவள் எங்களைப் பார்க்கவில்லை. மகளின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

உள்ளே ஏதோ நரம்பு வாத்தியத்துக்குச் சுருதி கூட்டுவது கேட்டது. எங்களுக்காகத்தான். குமாரியின் கால்விரல்கள் செருப்புக்குள் மெல்ல அசைந்தன. அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். பிறகு தானே திரும்பினாள்.

"வாங்கோ, எல்லாரும் போவம்."

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் இன்னும் குனிந்தபடியே இருந்தாள்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி நான் வேலைக்குப் போன முதல் நாள் காலையில் குமாரி வடை கட்டித் தந்தாள். "முதல் இதைக் குடுத்திட்டுக் கதையுங்கோ," என்றாள். முரத்தா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கை நிற்கவில்லை.

"தெரியும்," என்றார். "அந்த வீட்டிலிருந்து தொலைபேசியில் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள்."

"அவர்கள் ஏன் கேட்கவேண்டும்? பிழை என்னுடையது."

"அவர்கள் மன்னிப்புக் கேட்டால், இனி நான் வரவேண்டாம் என்று அர்த்தம்."

"நான் எழுதுகிறேன். உங்களில் பிழை இல்லை என்று எழுதுகிறேன்."

"உன்னை அவர்களுக்குத் தெரியாது. அறியாதவரின் கடிதத்தை அங்கே பிரிக்கமாட்டார்கள்."

"யாராவது என்னை அறிமுகம் செய்து..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன். அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் என் முன்னால்தான் நின்றார்.

"தெ கோர் ப்ரா," என்றார் முரத்தா. பரவாயில்லை என்பதற்கு இந்த நாட்டில் எல்லோரும் சொல்வது. இருவருக்கும் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்த சில வார்த்தைகளில் ஒன்று.

பாத்திரத்தில் தண்ணீர் எப்போதோ தெளிந்திருந்தது. அவர் அதை வடித்துவிட்டு இன்னொரு தடவை ஊற்றினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வடைப் பொட்டலத்தின் கடதாசியில் எண்ணெய் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.