இருபத்தேழாம் நம்பர் ஞாயிறு

எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. ஒப்பந்தம் போட்டு இரண்டு பக்கமும் வரியை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்து ஆப்பிளும் வாஷிங் மெஷினும் வருகின்றன, இங்கிருந்து ஞாயிறு போகிறது. எங்கள் ஞாயிறு நல்ல ரகம். எண்ணெய்க் குளியல் வாசமும் கறிக்குழம்பு வாசமும் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சனிக்கிழமை சாயங்காலமே வீடு வீடாக வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விடிந்தால் திங்கட்கிழமை.

நான் மாரப்பன் கம்பெனியில் செக்கிங். ஒவ்வொரு ஞாயிறையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டை, கறை, சத்தம் எதுவும் இல்லையென்றால் ஓரத்தில் என் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுவேன். இருபத்தேழு. பொய் சொல்லக் கூடாது, கூலி கூடியது. கேஸ் அடுப்பு வாங்கினேன், ஓட்டுக்கூரையை மாற்றினேன். மாரப்பன் இன்னும் நன்றாக வந்துவிட்டார். இங்கிருந்து போன ஞாயிறுகளையே அங்கே மெருகு போட்டுத் திரும்ப இறக்குகிறார். அவர் வீட்டில் வாரத்துக்கு ஒன்பது ஞாயிறு. பீரோவில் வைக்க இடமில்லை என்று அவர் சம்சாரம் சலித்துக்கொள்கிறார், பாவம்.

போன மாதம் ஒரு ஆபீசர் வந்து, ஊரிலுள்ள ஞாயிறுகளை எண்ணி ஊரிலுள்ள தலைகளால் வகுத்தார். முன்பு ஆளுக்கு வாரம் ஒன்று, இப்போது ஒன்றேகால் என்றார். கைதட்டினோம். என்னுடைய ஒன்றேகால் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் வடை வந்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஞாயிறு. டபுள் ஷிப்ட் ஆரம்பித்தபோது, என் மகள் தாரணியை ஆறு வயதில் ஹாஸ்டலில் விட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளைகளைப் பார்க்கலாம். மூன்று வருடமாக நான் அவளைப் பார்க்கவில்லை. கேட் வரை போய்ப் போய் வந்ததுதான் மிச்சம். "ஞாயித்துக்கெழம வாங்கம்மா" என்பார் வார்டன், ஒவ்வொரு திங்கட்கிழமையும்.

கடைசியில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கடைக்குப் போனேன். வெளிநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பியதெல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். கடைக்காரர் சுகுணாக்கா ஒரு கவரை எடுத்துப் போட்டார்.

"டேமேஜ் பீஸ்தான் அம்மிணி. உள்ள ஒரு கொழந்த அழுகுற சத்தம் கேக்குதுன்னு திருப்பி உட்டுட்டாங்க. மத்தபடி முழு நாளும் இருக்குது."

ஓரத்தைத் திருப்பினேன். இருபத்தேழு. நான் பாஸ் பண்ணியது.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, ஹாஸ்டல் கேட்டில் நின்று அதைப் பிரித்தேன். வார்டன் தேதியைப் பார்த்தார்.

"இது மூணு வருசத்துக்கு முந்தின ஞாயிறுங்க. அன்னைக்கு இருந்த புள்ளயத்தான் பாக்க முடியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கூட்டி வந்தார்.

ஆறு வயது தாரணி. ஹாஸ்டலில் சேர்த்த பிறகு வந்த முதல் ஞாயிறு அது. புது யூனிபார்ம் முட்டிக்குக் கீழே தொங்கியது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றாள்.

இந்த ஞாயிறை நானே என் கையால் மடித்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இவள் அழுதது என் காதில் விழவேயில்லை. அவளை மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டினேன். மெல்ல மெல்லத் தேம்பல் நின்றது.

வராந்தாவில் ஒன்பது வயது தாரணி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அது திங்கட்கிழமை, பக்கத்தில் வரக் கூடாது. ரெட்டை ஜடை போட்டிருந்தாள். யார் பின்னிவிட்டார்கள் என்று தெரியவில்லை. புத்தகப் பையோடு கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தாள்.

"எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்கம்மா" என்றாள். "அழுகை இல்லாததாப் பாத்து."

அழுகை இல்லாத பீஸ் எதுவும் ஊரில் நிற்பதில்லை என்று நான் சொல்லவில்லை. "சரி கண்ணு" என்றேன்.

மறுநாள் புதன்கிழமை. செவ்வாய்க்கும் ஆர்டர் கிடைத்துவிட்டது என்று மாரப்பன் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.